டப்பியில் துப்பியது எச்சில்

இருமலை நான் நோய் என்று நினைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் இருமாதவர் யார்? கொடியில் காயும் துணிமேல்கூட புகை கறுப்பாகப் படியும். நான் ஓர் இரும்புக் கம்பெனியில் பெருக்கும் வேலை செய்தேன். மூக்கைச் சிந்தினாலும் கறுப்புதான். ‘கம்பெனி இருமல்’ என்று நாங்களே அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. என் மகள் குமாரி அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீடு ஒரே அறை.

“எம்மா, நீ இருமுற இருமலுக்கு வயித்துல இருக்கறது எழுந்து ஒக்காந்துக்குது. வா ஆஸ்பத்திரிக்கு” என்று இழுத்துப் போனாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சளிப் பரிசோதனை (காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) எழுதினார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பியைக் கொடுத்தார்கள். துப்ப வேண்டிய இடம், சீட்டு வாங்கும் வரிசைக்கு எதிரே இருந்த குழாயடி. வரிசையில் எல்லாம் கம்பெனி ஆட்கள். என் மேஸ்திரியும் நின்றிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு எதிரே காறித் துப்பினால் அது சண்டைக்கு இழுப்பது. மேஸ்திரி முன்னால் நான் எப்படிக் காறுவேன்? முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கொஞ்சம் எச்சிலை விட்டு மூடினேன். மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன டப்பியிலும் அதுவேதான். அதுதான் முறை என்று இருந்துவிட்டேன். வேறு மாதிரி யாரும் சொல்லவில்லை.

கிருமி இல்லை என்று வந்தது. குமாரி நிம்மதியாக மூச்சு விட்டாள். “வெறும் தூசிதாம்மா” என்றாள். இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

மருந்து தீர்ந்தது, இருமல் தீரவில்லை. ஒரு நாள் ரத்தம் வந்தது. சாம்பலைப் போட்டு மூடிவிட்டேன், பிள்ளைத்தாச்சி பார்த்தால் பயப்படுவாளே என்று. பாதி இடம் பெருக்குவதற்குள் துடைப்பத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மேஸ்திரி, “ஒடம்பப் பாத்துக்க ஆயா, நாளைலேர்ந்து வராத” என்றார்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு அந்த மாதம் ஊர் நர்ஸ் வந்தார். காசநோயைப் பற்றிப் பேசும்போது, “எச்சி வேற, சளி வேற. நெஞ்சுக்குள்ளேர்ந்து வரணும். எச்சியக் குடுத்தா கிருமி தெரியாது” என்றார்.

குழுத் தலைவி சகுந்தலா எதிர்வீட்டுக்காரி. அவள் சும்மா இருக்கவில்லை. “அந்த ஆம்பளைங்க லைனுக்கு எதுக்க யாரு சிஸ்டர் காறுவா? இன்னாமே, என்னையா துப்புறன்னு அவன் சண்டைக்கு வருவான்!”

எல்லோரும் சிரித்தார்கள். “எங்க மாமியாரும் எச்சிதான் குட்த்துட்டு வந்துச்சு” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். அப்புறம்தான் என் டப்பி ஞாபகம் வந்தது. ஒரே அறையில் குமாரியோடு அத்தனை நாள் படுத்திருக்கிறேன்.

எல்லோரும் போனபிறகு சகுந்தலாவிடம் டப்பியில் துப்பியதையும் ரத்தம் வந்ததையும் மெதுவாகச் சொன்னேன்.

“இன்னா அத்தே, இவ்ளோ நாளா மூடிக்கினா இருந்த? பேஜாரு பண்ணிக்கினியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளே குழுப் பெண்கள், துப்ப மறைவாக ஓர் இடம் கேட்டு டாக்டரிடம் போனார்கள். நான் கடைசியில் நின்றேன். தனி அறை கட்டப் பணம் இல்லை என்றார் டாக்டர். “ரூம்பு யாரு சார் கேட்டாங்க? ஒரு மறைப்பு போதும்” என்றாள் சகுந்தலா. நர்ஸ் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே ஒரு வெட்டவெளியைக் காட்டினார். டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். “காத்தோட்டமான எடம்தான் இதுக்கு நல்லதும்கூட” என்றார். பெண்கள் சாக்குத் தைத்து மறைப்பு கட்டினார்கள்.

அங்கே நர்ஸ் பக்கத்தில் நின்று, மூச்சை ஆழ இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். இந்த முறை கிருமி தெரிந்தது.

மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு முறையும் நடக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் என் மாத்திரைப் பெட்டியைச் சகுந்தலா வீட்டிலேயே வைத்தார்கள். “வாயத் தொற, நாக்கத் தூக்கு” என்பாள், போலீஸ் மாதிரி. குமட்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும் (மாத்திரையின் நிறம், ரத்தம் அல்ல). பாதியில் விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. எதிர்வீட்டிலேயே பெட்டி இருக்கும்போது எங்கே ஒளிவது?

குமாரியைப் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆரம்பாக்கத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். குழந்தை அங்கேதான் பிறந்தது. டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை நான் போகவில்லை. அன்று கூட்டத்தில் ‘எங்க மாமியாரும் எச்சிதான்’ என்றவளின் மாமியார், அந்தச் சாக்கு மறைப்புக்கு வரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உங்கள் கையிலும் அந்த டப்பியைக் கொடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மறைவாக ஓர் இடம் கேளுங்கள். தனியாகக் கேட்க முடியாவிட்டால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் பிழைத்தேன். புகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்கப் போனவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.

குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாதாம். ஆரம்பாக்கம் போக ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். கீழே ரயில் வந்து, நின்று, போய்விடுகிறது. முன்பு என்றால் போன வண்டிக்காக மனசு அடித்துக்கொள்ளும். இப்போது என்னைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொள்கிறேன். மூச்சு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது வந்த பிறகு எழுந்து, மிச்சப் படிகளை ஏறுகிறேன்.