முருங்கை மரத்தில் தொங்கிய நாய் வில்லை

வேப்பெண்ணெய் நாற்றம்... எங்கள் செவலையின் காது மடலில் எப்போதும் அதுதான். ஐப்பசி மழை விட்டதும் நாய்க்கு உண்ணி ஏறிவிடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொட்டாங்கச்சி மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எண்ணெயைத் தடவுவேன். செவலை என் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு முனகும்.

நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். "அந்தக் காலத்தில் நாய்க்கு ஊசி உண்டா, பெல்ட் உண்டா? மீந்த சோற்றைப் போட்டோம், நன்றாகத்தான் இருந்தது" என்று. அதற்குக் கைதட்டல் வேறு!

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் இருந்தவள் நான். நன்றாகவா இருந்தது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சேலத்தில், நெசவுக்காரர் தெரு ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்குள் தறி. பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசனைக்கு எலி வரும், எலிக்காக ஒரு பூனை. கூடத்தில் அடுக்கிய நூல் கட்டுகளுக்குக் காவல் செவலை. சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு நகர்த்துவேன். மார்கழியில் படுக்கச் சாக்கு. எழுத்தும் கணக்கும் நானாகக் கற்றுக்கொண்டவள் என்பதால் வீட்டு வரவு செலவும் என் பொறுப்பு. நாய்க்கு முனிசிபாலிட்டியில் வரி கட்டி, பித்தளை வில்லை வாங்கி வரச் சொன்னவளும் நானே.

அந்த வில்லை கழுத்தில் இல்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள். அதுதான் அந்தக் காலத்து நாய் வைத்தியம். வெறிநாய்க்கடிக்குப் பயந்து, திருவிழாக் கூட்டம் சேருமுன் தெருத்தெருவாக வண்டி வரும்.

ஆடி பிறந்தது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டினார்கள். என் மாமனார் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டிய வீட்டில் தோல் ஆகாது என்று தன் செருப்பைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டார். அடுத்து, செவலையின் கழுத்துத் தோல்வாரைக் கழற்றி முருங்கை மரத்தில் மாட்டினார்.

"மாமா, வில்லை அதுலதானுங்க இருக்குது?"

"இருந்தா என்ன? நோம்பி முடிஞ்சு மாட்டிக்கலாம்."

"நூலுல கோத்தாவது கட்டட்டுங்களா? பாவு நூலு கெட்டியா இருக்குமுங்க."

அவர் தெருவுக்கே கேட்கச் சிரித்தார். "கேட்டியா இவ பேச்சை! எனக்கொரு காப்பு, நாயிக்கொரு காப்பாமா! அதையும் கரகம் எடுக்கச் சொல்லு!"

அடுத்த வீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். புது மருமகள்... வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் காலை அடுப்படியில் இருந்தேன். செவலை கத்தியது. ஓடி வந்து பார்த்தால் வாசலில் நாய் இல்லை. தெருமுனையில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. கொல்லைக்கு ஓடி, மரத்தில் இருந்த வாரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

நாய்களை அடைக்கும் கொட்டகை ஊர் எல்லைக்கு அப்பால். என் வீட்டுக்காரர் ராசிபுரத்துக்குப் போயிருந்தார். மாமனாரைப் பார்த்தேன். அவர் தன் கையில் இருந்த காப்பைப் பார்த்தார்.

"காப்போட எல்லை தாண்டக் கூடாது, சாமி..."

மாமியார்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நீங்க ஊட்டுலயே இருங்க. நட சாமி, நானும் வாரேன்."

வாரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். நடையா அது, பாதி ஓட்டம். கொட்டகைக் காவல்காரர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்லுற வில்லைதாங்கம்மா. ஆனா நாயி வெறுங்கழுத்தா வந்துச்சுங்களே. எங்க கெடந்தது இது?"

"முருங்க மரத்துல" என்றார் மாமியார்.

"அப்ப லைசென்சு மரத்துக்குங்களா எடுத்தீங்க?"

கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடியே வந்திருக்கக் கூடாதுங்களா... முடிஞ்சு போச்சுங்க."

திரும்பி வரும்போது வீட்டுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் நெய்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. மருமகள் என்பதெல்லாம் மறந்து கேட்டேன்.

"மாமா, தறியில குறுக்க ஓடுற நாடாக்கட்டையைத் தட்டி உடுறது என்ன தோலுங்க?"

தறி நின்றது.

"எருமைத்தோலு" என்றார் மெதுவாக.

"அது மட்டும் ஊட்டுக்குள்ள இருக்கலாமுங்களா?"

"அது தொழிலு, சாமி. அதைக் கழட்டுனா சோறு இல்லையே..."

"செவலைக்கு அந்தக் கழுத்து வாருல உசுரு இருந்துச்சுங்க."

அவர் தறியை விட்டு எழுந்தார். மத்தியானம் சாப்பிடும்போது, வழக்கம்போலக் கடைசிக் கவளத்தை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அங்கேயே வெகுநேரம் நின்றார்.

நான் மாரியாத்தாளைக் குறை சொல்லவில்லை. அவள் கேட்கவே இல்லையே! கேட்டதாகச் சொன்னது நாம்தான். நமக்கு வேண்டியதற்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டோம், வாயில்லாத பிராணிக்கு ஒரு நூல்கயிறு கேட்டால் சிரித்தோம்.

இப்போது என் பேத்தி வீட்டு நாய்க்கு வருடா வருடம் வெறிநோய் ஊசி. உண்ணிக்கு மாத்திரை. பெல்ட்டில் போன் நம்பர். பூனைக்கும் தனி டாக்டர் சீட்டு. பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது... இதில் ஒரே ஒரு ஊசி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த வண்டிக்கே வேலை இருந்திருக்காதே என்று மனசு அடித்துக்கொள்ளவும் செய்கிறது.

ஆகவே அந்தக் காலத்தைப் புகழுகிறவர்களே, அடுத்த மாதம் ஆடி. பெல்ட் தீட்டு, கழற்றி வை என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், என்னைச் சொல்லுங்கள். தொண்ணூறு தாண்டிய கிழவி, ஒரு வருஷம்கூட ஆடி விரதம் தவறாதவள், "கழட்டினா கையை ஒடிப்பேன்" என்றாள் என்று.