மெல்லச் சுற்றச் சொன்னவர்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சர்ச் உபதேசியார் எழுதிய கார்டு போன செவ்வாய்க்கிழமை, சித்தூர் பக்கம் பெருமாட்டி கிராமத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. ஞானமுத்து அண்ணன் வாடகை அறையில் இறந்து கிடந்தாராம். பக்கத்து அறைக்காரருக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. அடக்கத்துக்கு உபதேசியாரோடு மூன்று பேர். அவருடைய டிரங்குப் பெட்டியில் என் விலாசம் இருந்ததால் எனக்கு எழுதியிருக்கிறார். வேறு விலாசம் எதுவும் இல்லையாம்.

அவர் குரலைக் கேட்டவர்கள் வண்டிப்பெரியாரிலும் சித்தூரிலும் இன்னும் இருப்பார்கள். டென்ட் சினிமாவில் ஊமைப்படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர் அவர். படம் காட்டும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றியவன் நான். ஐந்து வருஷம் ஒரே மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனோம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திரையில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் என் பக்கம் திரும்பிக் கையை அமர்த்துவார். நான் மெதுவாகச் சுற்ற வேண்டும். "சாப்பிடுதவங்கள வெரட்டக் கூடாது தம்பி" என்பார். திரையில் தெரியும் துரைமார் மேஜையில் பேச்சாலேயே புளிக்குழம்பும் கருவாடும் பரிமாறிக்கொண்டே போவார். ஒருமுறை நான் ரொம்பவும் மெதுவாகச் சுற்றி, விளக்குச் சூட்டில் பிலிம் பற்றிக்கொண்டது. முதலாளியின் வசவு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

வண்டிப்பெரியாரில் ஒரு பட்டணத்துப் படம் காட்டினோம். கடையில் வேலை செய்யும் ஒரு பெண் ஜன்னலோரம் தனியாக ரொட்டி தின்கிறாள். "இவ பேரு மரியா. நாலு மாடி வீட்டுல இருக்கா, பேச நாலு பேரு இல்ல. ரொட்டி தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்றார் அண்ணன். மணலில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, "இங்க வரச் சொல்லுய்யா, கஞ்சி ஊத்துதோம்" என்றாள். கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எல்லோரையும் சாப்பிட வைத்த மனிதர் தனியாகத்தான் சாப்பிட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் காய்ச்சலில் போன பிறகு சொந்தமென்று யாரும் இல்லை. அவர் சாதிக்கு ஹோட்டல்களில் உள்ளே இடமில்லை, பின்வாசலில் நின்றுதான் வாங்க வேண்டும். டென்ட்டில் நாங்கள் எட்டுப் பேர், அடுப்பு மூன்று. மூன்றாவது அடுப்பு அவர் ஒருவருக்கு. நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனவன்தான்.

சித்தூர் முகாமுக்குப் பிறகு அவர் மாறிவிட்டார். சாப்பாட்டுக் காட்சி வந்தால் வாயே திறப்பதில்லை, கையை அமர்த்துவதும் இல்லை. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவருக்கு என்ன வந்தது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவந்தேன். பொய்.

சித்தூரில் இருந்தபோது ஒருநாள், "உன் வீடு இங்கன பக்கந்தானடே? ஒரு நேரம் ஒங்கூட உக்காந்து சாப்பிடணும்" என்றார். அதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கெழம வந்துருங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியாதவனா நான்?

வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஊட்டுக்குள்ள வேண்டாங்கண்ணு, உங்கய்யன் இருக்கறாரு. கட்டுத்தறையில எலை போட்டிருக்கறேன்." மாடு கட்டும் இடத்தில் சாக்கு விரித்து, ஒரே ஓர் இலை. அம்மா சொன்னது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. நானே அவரைக் கட்டுத்தறைக்குக் கூட்டிப்போனேன்.

அவர் போய் உட்கார்ந்தார். பிறகு சற்று நகர்ந்து, சாக்கில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார். "நீயும் வா தம்பி" என்றார்.

"நான் அப்பறமா சாப்படறனுங்கண்ணா" என்றேன்.

அவர் மளமளவென்று சாப்பிட்டு, இலையைத் தாமே எடுத்துப் போய்ப் போட்டு, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதுவரை நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்கில் பாதி காலியாகவே கிடந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதிச் சாக்குதான். அதில் இனி என்னால் உட்காரவும் முடியாது.