பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேராத இரண்டு மோட்டார்கள்

முந்தின நாள் காலை ஷிப்டையும் மாலை ஷிப்டையும் சேர்த்துப் பார்த்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டாள். வார்டில் வேறு ஆள் இல்லை. கிள்ளானில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் பதினெட்டு வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். இப்படி இரண்டு ஷிப்டு சேர்ந்து விழும் நாட்களில், வீட்டுக்குப் போய்க் குளிப்பதற்குக்கூட உடம்போடு பேரம் பேச வேண்டியிருக்கும். மறுநாள் ஞாயிறு. தூங்கியிருக்க வேண்டியவள், காலை ஏழு மணிக்குத் தம்பியின் கல்யாணக் கோட்டைப் போட்டு, டை கட்டி, ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்னால் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன்.

அது ஒரு நிதி திரட்டும் பயணம். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்காக. பழைய காலத்து வடிவத்தில் வரும் மோட்டார்களை வைத்திருப்பவர்கள் கோட்டு சூட்டோடு கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வரை ஊர்வலமாகப் போவார்கள். அங்கே ஒரு மண்டபத்தில் பேச்சு, சாப்பாடு, படம். ஏற்பாட்டாளர் என் சித்தி மகளின் கணவர். இன்சூரன்ஸ் விற்பவர், குரலிலேயே ஒலிபெருக்கி இருக்கும். என்னிடமும் வட்ட விளக்கும் உருண்டை டேங்க்கும் வைத்த ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. வேலைக்குப் போக வர வாங்கியது. "பொம்பளைங்க மூணு பேருதான் இருக்கீங்க, நீங்க வரலன்னா படம் நல்லாருக்காது லா" என்று ஒரு வாரம் துளைத்து என்னைச் சேர்த்துவிட்டார்.

எனக்குக் கொடுத்த வேலை கடைசி வண்டி. முன்னால் போகிறவர்களில் யார் நின்றாலும் நானும் நின்று, அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மெதுவாகப் போகலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் நின்ற அங்கிளை அன்றுதான் பார்த்தேன். மேருவில் வீடு. துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கருநீலக் கோட்டு, சிவப்பு 'போ' டை. மோட்டாரின் குரோமில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார். "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தன் கையிலிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார். அவருக்குச் சளி, சாப்பிடப் பிடிக்கவில்லையாம். காலையில் ஒரு சளி மாத்திரை போட்டதாகச் சொன்னார். அப்போது அதை நான் காதில் வாங்கினேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார்களுக்கென்று தனிப் பாதை உண்டு. இரண்டு மோட்டார்கள் ஒட்டிப் போகும் அகலம். அதில் கோட்டு போட்ட நாற்பது பேர் வரிசையாகப் போவதைத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் முறைத்துக்கொண்டே முந்தினார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே கோட்டுக்குள் முதுகு நனைந்துவிட்டது. கண் தானாக மூடப் பார்த்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாக எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

கால் மணி நேரத்தில் அங்கிள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு முதல் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினார். கழிவறைக்குப் போய் வந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு இடம். இந்த முறை யாரோ ஒருவர், "அங்கிள், வீட்டுலேயே முடிச்சிட்டு வந்திருக்கலாம்லா!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். ஏற்பாட்டாளர் என்னிடம் வந்து, "மண்டபத்துல ஒம்போதரைக்கு எல்லாம் ரெடி. நாங்க போறோம், நீங்க அவரோட மெல்ல வாங்க" என்றார்.

மூன்றாவது முறை அங்கிள் இன்னொரு பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது நாங்கள் இரண்டு பேர்தான். பத்து நிமிடமாகியும் அவர் வெளியே வரவில்லை. நான் மோட்டார்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். திறந்து பார்த்தால், கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். முகமெல்லாம் வியர்வை. அது வெயில் வியர்வை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஒன்னும் இல்லம்மா. நீ போ. நான் அப்புறம் வரேன்."

"அங்கிள், ஒன்னுக்குப் போக முடியலையா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் மிசி, அங்கிள், நர்ஸு. ஆம்பளைங்க வார்டுலதான் வேலை. தினமும் பாக்குறதுதான், சொல்லுங்க."

"வருது வருதுன்னு இருக்கு. நின்னா ஒரு சொட்டு வரல" என்றார். "லோரி ஓட்டுறப்ப ஜொகூர் வரைக்கும் எங்கயும் நிக்காம போவேன் மிசி."

அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பலகைபோல இருந்தது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் புராஸ்டேட்டோடு சில சளி மாத்திரைகள் சேர்ந்தால் இப்படி அடைத்துக்கொள்ளும். அதைக் காலையிலேயே கேட்டிருக்க வேண்டியவள் நான். நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கு ஊதிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம். பக்கத்து ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம். அவருடைய மோட்டாரைப் பெட்ரோல் நிலையத்தில் இருந்த ஆளிடம் சொல்லி நிறுத்திவிட்டு, அவரை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். சாலையில் ஒவ்வொரு மேடு வரும்போதும் என் கோட்டின் தோளை அவர் இறுக்கிப் பிடிப்பது தெரியும். "மேடு வருது அங்கிள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் ஏறி இறங்கினேன்.

அவசரப் பிரிவில் எங்கள் உடையைப் பார்த்த ஒரு மலாய் நர்ஸ், கல்யாண வீட்டிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டாள். விவரம் சொன்னதும் உடனே, காத்திருக்க முடியாதவர்களைப் பார்க்கும் மஞ்சள் பகுதிக்குள் கொண்டுபோனார்கள். திரைக்கு வெளியே நான் நின்றேன். எத்தனையோ முறை திரைக்கு உள்ளே நின்றிருக்கிறேன். வெளியே நிற்கும்போது கைக்கு வேலை இல்லாமல் என்னவோபோல் இருந்தது. சிறுநீர்க் குழாய் ஏறும்போது அவர் ஒரு சத்தம் போட்டார். பிறகு நீளமாக ஒரு மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும். இனி வலி இல்லை.

என்னை உள்ளே விட்டபோது படுக்கையோரம் தொங்கிய பை கனத்துக் கிடந்தது. 'போ' டை ஒரு காதுப் பக்கம் திரும்பியிருந்தது. அதைக் கழற்றி அவர் கோட்டுப் பையில் வைத்தேன்.

"மிசி, யாருக்கும் சொல்லாத. மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு."

அதற்குள் ஏற்பாட்டாளரிடமிருந்து ஏழெட்டு அழைப்புகள். வாட்ஸ்அப் குழுவில் 'கடைசி வண்டி எங்கே?' என்று செய்திகள். அங்கிள் மோட்டார் கெட்டுவிட்டது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். உடனே மாட்டு வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போகும் படம் ஒன்றை யாரோ அனுப்பினார்கள். அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. அதற்குக் கீழே மண்டபத்தின் படம்: மேடை, பதாகை, ஆண்களே வெட்கப்படாமல் பேசுங்கள் என்று பெரிய எழுத்தில் வாசகம். போனை அணைத்துப் பையில் போட்டேன். கோபம் வருவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மதியம் அவருடைய மனைவி மகளோடு காரில் வந்தார். அவரிடமும் மோட்டார் கெட்டுப்போச்சு என்றுதான் அங்கிள் போனில் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார். மோட்டார் கெட்டதற்கு ஏன் ஆஸ்பத்திரி என்று அந்த ஆன்டி வழியெல்லாம் யோசித்திருப்பார். படுக்கையையும் பையையும் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். என் பக்கத்து நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"ராத்திரியில ஆறு தடவை எந்திரிக்கிறாரு மிசி. லைட்டப் போடுவாரு, கதவு சாத்துவாரு, வருவாரு. டாக்டரப் பாருங்கன்னா, வயசானா அப்படித்தான்னுவாரு. ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல."

"எனக்கும் நேத்துலேர்ந்து இல்ல ஆன்டி" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வேஷத்துல வேற" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னும் களைப்பாக இருந்தது. அவர்கள் வந்துவிட்டதால் நான் கிளம்பினேன். வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தவள், மறுநாள் ஷிப்டுக்குத்தான் எழுந்தேன்.

பல வாரங்கள் கழித்து அங்கிள் என் வார்டுக்கே வந்து சேர்ந்தார். கிள்ளானுக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். சோதனையில் புற்றுநோய் இல்லை, வெறும் வீக்கம். அதற்கு அறுவை சிகிச்சை. முதல் நாள் என்னைப் பார்த்தும் பாராததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் புதிதாகப் பார்ப்பவள்போல ரத்த அழுத்தம் பார்த்தேன். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இருந்தார். அவருக்குப் புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. இருவரும் நான்கு நாட்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதைப் பற்றி என்று நான் நின்று கேட்டதில்லை, அவ்வளவு நேரம் கிடைக்காது. வீட்டுக்குப் போகும் நாளன்று அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

"இவன் என்னவிட பத்து வயசு சின்னவன் மிசி. நாலு வருஷமா யாருகிட்டயும் சொல்லலையாம்."

நான் தலையாட்டினேன்.

அடுத்த வருடப் பயணம் வந்தபோது நான் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். அங்கிள் போன் செய்து, "நீ கடைசில வந்தாத்தான் நான் வருவேன்" என்றதால் போனேன். கிளம்புவதற்கு முன் எல்லோரும் கூடியிருக்க, ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியில், "என்ன அங்கிள், மோட்டார் இந்தத் தடவ ஓடுமா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"மோட்டாருக்கு ஒன்னும் இல்ல தம்பி" என்றார் அங்கிள். "அன்னிக்கு எனக்குத்தான் ஒன்னுக்கு அடைச்சிக்கிச்சு. குழாய் போட்டு எடுத்தாங்க. வெக்கமா இருந்துச்சு, மிசிகிட்ட பொய் சொல்லச் சொன்னேன்."

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததால் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். ஹெல்மெட் போடுங்கள், கிளம்பலாம் என்றார்.

அன்று பிரிக்பீல்ட்ஸ் வரை போனோம். அங்கிள் ஒரே ஒரு முறைதான் நின்றார். மண்டபத்தில் நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வருடம் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று கத்தினவர். மேடையைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், "மிசி, ஒரு சின்ன விஷயம் கேக்கணும்" என்றார். அவர் எழுந்து போனதும் இன்னொருவர். அதன் பிறகு மூன்றாவதாக ஏற்பாட்டாளரே வந்தார், தன் நண்பர் ஒருவருக்கு என்று. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பக்கத்து கிளினிக்குக்குப் போங்கள், ரத்தம் எடுப்பார்கள், பயப்படாதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். வார்டில் சொல்வதையே இங்கும் சொன்னேன், கோட்டு மட்டும்தான் வேறு.

நாலாவது ஆள் தூரத்திலிருந்து வருவதைப் பார்த்தேன். அங்கிளின் மனைவி அவரை மறித்து, "மிசி சாப்பிடட்டும் பாஸ், அப்புறம் கேளுங்க" என்று என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போதெல்லாம் இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்டேன். "தூங்குறேன் மிசி. இப்ப அவரு கொறட்டை வேற" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார்.