அண்டாவில் ஏறிய களிம்பு

பாஞ்சாலை செய்யும் விளாம்பழச் சட்னி ஊரில் பலருக்கும் பிடிக்கும். ஜவ்வாது மலையில் அவள் ஊருக்கு மேலே, காட்டோரம் விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி வந்து உடைப்பாள். சதையை வெல்லம், வரமிளகாய், உப்போடு அரைத்து, கடுகு தாளித்துச் சுண்டக் காய்ச்சுவாள். எப்போதும் மண்சட்டியில்தான். சாமைக் காட்டு வேலைக்கும் புளி உலுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சட்டிக்கு மேல் செய்ய நேரமும் இருக்காது.

மகள் நதியாவுக்கு நிச்சயம் செய்ய, மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து மலையூரிலிருந்து ஒரு வேன் நிறைய வருவதாகச் சொன்னார்கள். சட்டி போதாதென்று தெருவில் ஒரு பித்தளை அண்டா இரவல் வாங்கினாள். முந்தின நாளே சட்னியைக் காய்ச்சி, அதிலேயே மூடி வைத்துவிட்டாள். உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

பந்தியில் எல்லோரும் சட்னியை இன்னும் இன்னும் என்று கேட்டார்கள். மறுபடி எடுக்க வந்த பாஞ்சாலை கரண்டியை ஓரமாக விட்டாள். சட்னி விலகிய இடத்தில் பச்சையாகப் படிந்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். காரத்துக்கு அடியில் செம்புக் கசப்பு. களிம்பு. புளிப்பு பட்டுப் பித்தளையில் ஊறிய விஷம்.

மாப்பிள்ளையின் அக்கா புவனா ஐந்து மாதக் கர்ப்பிணி. புளிப்பாக இருக்கிறதென்று அவள்தான் அதிகம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கணவன் கோபால்சாமியை அடுப்படிக்குள் இழுத்து அண்டாவைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"யார் கிட்டயும் சொல்லாதே. மெதுவா எடுத்துக் கொட்டிடு. சம்பந்தமே போய்டும்."

"உள்ள போனத இன்னாங்க பண்றது? புவனா புள்ளத்தாச்சிங்க!"

பாஞ்சாலை அவனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

"சட்னியத் தொடாதீங்க! பித்தளையில வெச்சிட்டேன், களிம்பு ஏறியிருக்குது. தெரியாம போட்டுட்டேன்!"

இலைகளின் மேல் கைகள் அப்படியே நின்றன. மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மா எழுந்து நின்று அவளையே பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் புவனா வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அடுத்து பச்சையம்மாவுக்கும் குமட்டியது.

வந்த வேனிலேயே ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் புவனாவின் தலை சரிந்தது. பாஞ்சாலை அதைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அத்தே, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

பாஞ்சாலையின் உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

புவனாவை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடியது. மற்றவர்களுக்கு வெளியே வரிசையாகக் குளுக்கோஸ் ஏறியது. பாஞ்சாலை சுவரோரம் குந்தினாள். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று உடம்பு தூக்கிப்போட்டது.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். "குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. சீக்கிரம் வந்துட்டீங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு சரியா சொன்னதும் நல்லதாப் போச்சு."

பாஞ்சாலை சுவரைப் பிடித்து எழுந்தாள். கையில் குளுக்கோஸ் ஊசியோடு பெஞ்சில் சாய்ந்திருந்த பச்சையம்மா அவளைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே போனாள்.

"வாய் கசக்குது. ஒரு டீ வாங்கியாரச் சொல்லேன், சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டு பாஞ்சாலை வாய்விட்டு அழுதாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சமையல் பக்கமே அவள் போகவில்லை. பயமும் விடவில்லை. மகளின் ஊரிலிருந்து போன் வந்தால் கோபால்சாமியைத்தான் எடுக்கச் சொல்வாள். புவனாவுக்குப் பிரசவமான அன்றும் அவன்தான் பேசினான். பாஞ்சாலை கதவைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"பொண்ணு கொழந்த. ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்."

"கை கால் எல்லாம் சரியா கீதான்னு கேளுங்க" என்றாள்.

அவன் கேட்டான். எல்லாம் சரியாக இருந்தது.