பாண்டித்துரை பேசாமல் இருந்த மதியம்

பாண்டித்துரை வாயை மூடி நான் பார்த்ததில்லை. துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்பில் கம்பெனி பஸ் ஏறும்போது ஆரம்பிப்பான், சைட்டில் இறங்கும்வரை ஓயமாட்டான். பரமக்குடிப் பக்கத்து ஆள். வேலை வாட்டர்ப்ரூஃபிங்: பாத்ரூம் தரையிலும் மொட்டைமாடியிலும் தண்ணீர் இறங்காதபடி மூலை முடுக்கெல்லாம் பூச்சு அடிப்பது. ரூமுக்கு வந்தால் ஊருக்குப் போன். மகள் வர்ணிகாவுக்கு ஏழு வயது. அவள் பிறந்த பிறகு இவன் லீவில் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைக்கு அப்பா என்றால் போனில் வரும் அந்தப் பேச்சுதான். அதனால் திட்டவும் மனசு வராது. போர்வையால் காதை மூடிக்கொண்டு படுத்துவிடுவேன்.

ஒருநாள் போனில் அவன் மனைவி நாகவள்ளி, பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டரம்மா வர்ணிகாவின் கடைவாய்ப் பற்களுக்குப் பூச்சு போடச் சொன்னதாகச் சொன்னாள். விழுந்து முளைக்கப் போகிற பால் பல்லுக்கு எதற்குப் பூச்சு என்று இவன் சிரித்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாகவள்ளி விடவில்லை. அது பால் பல்லே இல்லையாம். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதாம். அதனால்தான் எல்லாரும் பால் பல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்களாம். போனால் போனதுதான், இன்னொன்று முளைக்காது. அதன் மேல் இருக்கும் பள்ளங்களில் பிரஷ் நுழையாது, தின்றது தங்கிச் சொத்தையாகிவிடும். முன்கூட்டியே பள்ளத்தைப் பூசி மூடுவதுதான் வழியாம்.

பள்ளம், பூச்சு என்று கேட்டதும் இவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. உடனே கூட்டிப்போகச் சொன்னான்.

போனார்கள், ஆனால் பூச்சு ஒட்டவில்லை. பல் உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும். வர்ணிகா பயத்தில் நாக்கைத் துழாவி எல்லாவற்றையும் நனைத்துவிட்டாள். பள்ளம் ஆழமாக இருக்கிறது, தள்ளிப்போட்டால் சொத்தை முந்திக்கொள்ளும், சீக்கிரம் வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அன்று இவன் சாப்பிடவில்லை. ஈரத்தில் அடித்தால் உரிந்துதான் வரும் என்று என்னிடம் நாலு தரம் சொன்னான், ஏதோ நான்தான் எச்சில் விட்ட மாதிரி.

அடுத்த முறை அவர்கள் போனபோது இங்கே கோடை. மதிய வெயிலில் வேலை கிடையாது என்பதால் சைட்டில் கொட்டகை நிழலில் கிடந்தோம். அப்பா முகம் தெரிந்தால் பிள்ளை தைரியமாக இருப்பாள் என்று நாகவள்ளி வீடியோ கால் போட்டு, போனை அவள் முன்னால் பிடித்தாள். இவன் பேச ஆரம்பித்தான். வர்ணிகா ஒவ்வொன்றுக்கும் வாயை மூடி மூடிப் பதில் சொன்னாள். டாக்டரம்மா வைத்த பஞ்சு நனைந்தது. மறுபடி வைத்தார். இவன் பயப்படாதே என்றான், அவள் பயமில்லை என்றாள், அந்தப் பஞ்சும் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

“யோவ், நீ பேசுற வரைக்கும் அது ஒட்டாது. கலாஸ், நிறுத்து.”

அவன் என்னைப் பார்த்தான். பேச்சையும் எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் வேறென்ன இருக்கிறது? எனக்கே கஷ்டமாகிவிட்டது. ஆனால் அவன் நிறுத்தினான். போனை முகத்துக்கு நேரே பிடித்து, அவளுக்குக் காட்டுவதற்காக ஆவென்று வாயைத் திறந்து, நாக்கை அசைக்காமல் உட்கார்ந்தான். அவளும் அவனைப் பார்த்தபடியே திறந்தாள். அங்கே டாக்டரம்மா பல்லைக் கழுவி, உலர்த்தி, பூசி, பூச்சு இறுக நீல வெளிச்சம் காட்டினார். இங்கே இவன் தாடை நடுங்கியது, எச்சில் சட்டையில் வழிந்தது. அப்படியும் மூடவில்லை. அந்த நிமிடம் அவன் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

டாக்டரம்மா கருவியால் நெருடிப் பார்த்து, நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். அவ்வப்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், பல் தேய்ப்பதை விடக் கூடாது என்றும் சொன்னார். வர்ணிகா போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, ஒனக்குப் பின்னாடி பல்லே இல்லயே?”

இத்தனை வருடம் ஒரே ரூமில் இருந்த நானும் அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பக்கமும் வெறும் ஈறு.

“ஆமா தாயி,” என்றான் பாண்டித்துரை. “ஒனக்கு இருக்குல்ல.”