வைக்கோலை மோந்து பார்த்தவர்

வைக்கோல் சுவர் எப்படி இருக்கும் என்று உனக்கு என்ன திடீர் ஆசை? வீடு கட்டப் போகிறாயா, என்னைக் கிளறிவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிறாயா? சரி, கேட்டுத் தொலை.

ஜீயபுரத்தில் என் குடிசை எரிந்துபோன வருஷம் அது. வைக்கோலைக் கட்டுக் கட்டாக அடுக்கி, மண் பூசி வீடு கட்டச் சொல்லித்தர ஒரு கூட்டம் வந்தது. பாடத்துக்குக் கட்டும் வீடு எனக்கே என்றார்கள். கற்றுக்கொள்ள வந்த கே.கே. நகர் டவுன் பிள்ளைகள் மண்ணை மிதித்துக்கொண்டே படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். ஒவ்வொரு வைக்கோல் கட்டிலும் முகத்தைப் புதைத்து மோந்து பார்ப்பார்.

"ஈரம் இருந்தா உள்ளயே அழுகிடும்மா" என்று தள்ளி வைப்பார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்பேன். சிரிப்பார்.

ஐப்பசி மழையில் நனைந்த குறுவை வைக்கோல். பாதிக்கு மேல் தள்ளிவிட்டார். கூட்டத்தின் தலைவர் வந்து கத்தினார்: "திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்களைக் கூப்பிட்டாச்சு. நாளைக்குள்ள முடிங்க."

தலைவர் போனதும், தான் தள்ளி வைத்த கட்டுகளையும் இவரே எடுத்து அடுக்கினார். அப்போதும் மோந்து பார்த்தார்.

"என்னங்க சொல்லுது?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும்மா." என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குள் சுவரில் காளான் முளைத்தது. மண் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுத்துக் கிடந்த வைக்கோலைப் பார்த்து மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் கீற்றுக் குடிசைதான்.

"அந்த ஆளு ஏமாத்துக்காரனாக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டார்கள்.

"ஏமாத்துறவன் கடைசிக் கட்டு வரைக்கும் மோந்து பாப்பானாடி?" என்றேன். "மூக்கு அவரோடதுதான். வாய் மட்டும் தலைவரோடது."