போட்டோவுக்கு மட்டும் ஒரு சட்டை

என் வீட்டுப் பரண்மேல் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கிடக்கிறது. ஒரு தடவைகூட யாரும் போடாதது. தரை துடைக்கலாம் என்றால் தண்ணீரை இழுக்காது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்க வைத்துக்கொள்ளலாம் என்றால் சூடு பட்டதும் உருகும். கரித்துணிக்குக்கூட லாயக்கில்லாத அதைத்தான் காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்களுக்கு யூனிபாரம் என்று கொடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரிமளம் பக்கத்துத் தைலமரக் காட்டில் கோடைக்காலத் தீக்காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள், பெண்களும் வரலாம் என்று கேள்விப்பட்டு நானும் என் நாத்தனாரும் போனோம். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். அவள் புருசனோடு ஒத்துவராமல் எங்களிடம் வந்துவிட்டவள். “யாரு கையையும் எதிர்பார்க்காம எனக்குன்னு ஒரு வேல வேணும் அண்ணி” என்பாள். மற்றபடி அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பயிற்சி கொடுத்த வனவர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதை நான் மறைக்க மாட்டேன். மண்ணை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது, தீ தாண்டாதபடி சருகை ஒதுக்கி வெறும் மண்ணாகப் பாதை போடுவது, பச்சைத் தழையால் தீயை அமுக்கி அடிப்பது எல்லாம் செய்யவைத்தார். கடைசியில் ஒரு பாலியஸ்டர் துணியைக் கொளுத்திக் காட்டினார். அது சுருண்டு சொட்டுச் சொட்டாக வழிந்தது.

“இது ஒடம்புல ஒட்டுனா தோலோடதான் வரும். ஒட்டிட்டா பிய்க்காதீங்க, தண்ணிய ஊத்துங்க. எல்லாரும் பருத்திதான் போட்டு வரணும்” என்றார்.

எங்களுக்கு அது ஒரு பெரிய விசயமாகவே படவில்லை. கடலை பிடுங்கப் போனாலும் களை எடுக்கப் போனாலும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தானே நாங்கள்? என் வீட்டுக்காரரின் பழைய பருத்திச் சட்டைகள் இரண்டு அதற்கென்றே கொடியில் தொங்கும்.

மறுநாள் அதே மனுசர் ஆரஞ்சுச் சட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். தொட்டதுமே தெரிந்துவிட்டது.

“சார், இது நேத்து நீங்க கொளுத்திக் காட்டுன துணிதானே?” என்றேன்.

“மேலேருந்து வந்தது, நான் என்னம்மா பண்றது? எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்.”

“யாரு பாக்க? தீயா நின்னு பாக்கப் போகுது?”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற விழாவில் இந்தச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது, சான்றிதழும் கிடையாது, அது இல்லாதவருக்கு அடுத்த வருசம் வேலையும் கிடையாது என்று பொதுவாகச் சொல்வதுபோல் என்னைப் பார்த்துச் சொன்னார். நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளினாள். “பேசாம இருங்க அண்ணி. ஒங்களால எனக்கும் வேல போயிரும்.” நான் கையை நீட்டவில்லை. அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் நிலைமை தெரிந்த நான் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

விழாவுக்கு முன்பே தீ வந்துவிட்டது. ரோட்டோரம் எவனோ பீடியை அணைக்காமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். உச்சி வெயில், காய்ந்த தைலச் சருகு, கேட்கவா வேண்டும்? தழையை ஒடித்துக்கொண்டு எல்லோரும் ஓடினோம். என் பருத்திச் சட்டையில் விழுந்த பொறி சின்னதாக ஓட்டை போட்டுவிட்டு அணைந்தது. அவள் சட்டைக் கையில் விழுந்தது அணையவில்லை. துணி சுருங்கி முன்கையோடு ஒட்டிக்கொண்டது. சத்தம்கூடப் போடவில்லை, பாவி மகள். பிய்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். அந்த நேரத்திலும் அந்த வனவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இந்தத் துணி உருகும் என்று தெரியாதவர் கொடுத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

விழாவுக்கு அவள் கைக்கட்டோடு வந்தாள். சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் இன்னொரு பருத்திச் சட்டை. பெரிய அதிகாரி வருகிறார் என்று நாற்காலிகளுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். வனவர் அவசரமாக எங்களிடம் வந்து புது ஆரஞ்சுச் சட்டை ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“சட்டக் கைய நல்லா எறக்கி விட்டுக்கம்மா, கட்டு தெரியாது. போட்டோவுக்கு மட்டும்தான்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் சட்டையை வாங்கிவிட்டாள். போட்டுக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“நான் இதப் போட்டுக்கிட்டு சிரிச்சிட்டு நின்னா, அடுத்த வருசம் வாரவளுக்கும் இதத்தானே சார் குடுப்பீங்க? எனக்கு வேல இல்லைன்னு எழுதிக்கங்க. நான் வாரேன்.”

அவர் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த வருசமும் கூப்பிடவில்லை. சட்டையை மட்டும் கேட்க மறந்துவிட்டார்.